கட்டு என்றால் கட்டு

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று நான் ஒரு சபதம் எடுத்தேன். கிரிக்கெட் ஃபைனலை என் வீட்டில், என் டிவியில், என் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பார்ப்பேன். இதெல்லாம் ஒரு சபதமா என்று சிரிக்கிறவர்கள் இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள்.

என் பெயர் ஜெகதீசன். திருவொற்றியூர் குப்பத்து ஆள். லாஞ்சு டிரைவர். கடலில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வலையை விடு என்றால் விடுவார்கள், இழு என்றால் இழுப்பார்கள். கரையேறி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால், கூடவே அந்தப் பதவியும் கழன்றுவிடும். வீட்டில் டிரைவர் என் மனைவி மலர்க்கொடி. ஸ்டியரிங்கின் பெயர் ரிமோட். அதற்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, சுருக்குப்பையோடு இடுப்பில் செருகிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்கே போய்விடுவாள். ஒரு தடவை வஞ்சிரம் வாங்க வந்த ஒரு அம்மா, கார்டு தேய்க்கிற மிஷின் இதுதான் என்று நினைத்து ரிமோட்டில் கார்டைத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். அன்று முதல் வால்யூம் பட்டன் வேலை செய்வதில்லை. சத்தம் எப்போதும் உச்சத்தில்.

வருஷத்தில் இரண்டு மாதம், மீன் முட்டையிடட்டும் என்று லாஞ்சுகளைக் கரையில் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். மீனுக்கு அது பிரசவ லீவு. எங்களுக்கு வீட்டுக்காவல். காலையில் ஒரு சீரியல், மதியம் அதே சீரியலின் மறு ஒளிபரப்பு, சாயங்காலம் அந்த சீரியலில் நாளைக்கு அழப்போகிறவர்களின் முன்னோட்டம். கடலில் புயலைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில்லை.

காசிமேட்டில் உட்கார்ந்து வலைக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"ஃபைனலு அன்னிக்கு எல்லாரும் நம்ம வூட்டுக்கு வந்துடுங்கடா. பெரிய டிவி கீது" என்றேன்.

எங்கள் லாஞ்சில் இன்ஜின் பார்க்கிற ஜாபர் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"டிவி கீது டிரைவரே. ரிமோட்டு கீதா?"

மொத்தப் பேரும் சிரித்தார்கள். கட்டிப்போட்ட லாஞ்சு கூட ஆடியது.

"இன்னாடா நக்கலா? நம்ம வூட்ல நான் வெச்சதுதான் சேனலு."

"உதாரு வுடாத நைனா. பந்தயம் வெச்சிக்கலாமா? ஃபைனலு அன்னிக்கி ரிமோட்டு உன் கையில இருந்துச்சுன்னா நீ டிரைவரு. இல்லாங்காட்டி, சீசன் பூரா வயர்லெஸ்ல உன்ன 'கிளீனரே'ன்னுதான் கூப்புடுவேன். ஓகேவா?"

வயர்லெஸ்ஸில் ஒருத்தன் தும்மினால் காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை உள்ள எல்லா லாஞ்சும் கேட்கும். எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஓடி "வர்லாம், வர்லாம்" என்று தட்டுகிறானே, அவன் கிளீனர். நான் டிரைவர். என் அப்பா டிரைவர். எங்கள் பரம்பரையிலேயே கிளீனர் கிடையாது. ஓகே என்று சொல்லிவிட்டேன்.

செல்போனில் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பத்துப் பேர் ஒரு செல்போனைச் சுற்றி நின்றால் அது மேட்ச் இல்லை, ஆக்சிடென்ட்.

சோதனை என்னவென்றால், அந்த வருஷம் ஃபைனலைப் பட்டப்பகலில் வைத்துவிட்டார்கள். ஏன் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் உள்ளங்கால் வேகட்டும் என்று வைத்திருப்பார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே மதியம், மலர்க்கொடியின் சீரியலில் கல்யாண சங்கமம். அந்தக் கதையில் மாசக்கணக்காக ஒரு தாலி தட்டிலேயே கிடக்கிறது. மாப்பிள்ளை எடுப்பான். யாராவது "நிறுத்துங்க!" என்பார்கள். திரும்பத் தட்டில் வைப்பான். இந்த ஞாயிறு கட்டியே தீருவது என்று விளம்பரம் போட்டிருந்தார்கள்.

நயமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

"இன்னாமே மலரு, ஞாயித்துக்கெழம…"

"ஞாயித்துக்கெழம தாலி."

"இன்னா தாலி?"

"சீரியல்ல. பாவம்யா அந்தப் பொண்ணு. எவ்ளோ நாளு மணையிலயே குந்தினு இருக்கும்? யோவ், அதுக்குத்தான் நான் இன்னா சொல்ல வரேன்னா…"

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம்" என்று கையை உயர்த்தினேன். எழுந்தேன். நடந்தேன். அவ்வளவு கம்பீரமாக நான் வீட்டைவிட்டு வெளியேறியது அதுதான் முதல் தடவை. லுங்கி மட்டும் கதவில் மாட்டிக்கொண்டது.

டீக்கடையில் ஜாபரிடம் திட்டத்தை விளக்கினேன். திட்டம் இதுதான். மொட்டை மாடியில் எங்கள் வீட்டு கேபிளை வெட்டிவிடுவது. எலி கடித்துவிட்டது என்று சொல்வது. சீரியல் இல்லாமல் மலர்க்கொடி ஒரு நிமிஷம் இருக்கமாட்டாள். ஓடுவாள் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் அக்காவிடம். அவள் போனதும் கேபிளுக்குத் தற்காலிகமாக ஒரு ஜாயின்ட். டிவி வந்துவிடும். மேட்ச் முடிந்ததும் ஜாயின்ட்டைப் பிரித்துவிட்டால் எலி மேல் பழி, என் மேல் மாலை.

"எலி கடிச்ச மாரியே கட்டு பண்ணணும்டா. டவுட்டு வரக்கூடாது."

"மூள நைனா உனக்கு" என்றான் ஜாபர். அப்போது அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நெத்திலிக் குழம்பு. வெற்றிலை பாக்கு. வலைக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, "காத்து வாங்கிட்டு வரேன்" என்று மாடி ஏறினேன். கத்திரி வெயிலில் காற்று வாங்கப் போகிறவனை எந்த மனைவியும் சந்தேகப்படவேண்டும். அவள் படவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

எங்கள் மாடியும் பவுனம்மாள் மாடியும் ஒட்டினாற்போல் ஒன்று. தண்ணீர் டேங்குக்குப் பின்னால், தெருவுக்கே போகிற கேபிளெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கிடந்தன. இதில் நம்முடையது எது? தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் பாறையா சேறா என்று சொல்கிறவன் நான். ஒரு கேபிளில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சடை பின்னுகிற பெண்பிள்ளை இருக்கிற வீடு என்று அதைத் தள்ளினேன். ஒன்று ரொம்பப் பழசு. உப்புக்காற்றில் தோல் வெடித்திருந்தது. எங்கள் வீட்டில் புதுசு எது இருக்கிறது? இதுதான் என்று வெட்டினேன். எலி கடித்த மாதிரி இருக்க வேண்டுமே என்று முனைகளைப் பல்லால் வேறு கடித்துக் குதறி வைத்தேன். கலையை அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை நான்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கீழே வந்தேன். மலர்க்கொடி கையில் முறுக்கு டப்பாவோடு வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மலரு… கேபிள எலி…"

உள்ளே டிவி முழுச் சத்தத்தில் நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தது.

அதே நேரம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல். "ஐயையோ, படம் பூட்ச்சே!"

அடுத்து பவுனம்மாள் வந்தார். கையில் ஒரு ஸ்டூல். பின்னால் மருமகள். அதற்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் பாதிப் பேர். அத்தனை பேரும் அந்த நேரத்தில் அவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மலர்க்கொடி செருப்பைக் கழற்றினாள். "வாங்க வாங்க, இங்கயே குந்துங்க" என்றாள். என் நாற்காலியில் யாரோ குந்தினார்கள். என் ஃபேனுக்கடியில் யாரோ குழந்தையைப் படுக்க வைத்தார்கள்.

ஒரு வீட்டைக் காலி பண்ணத் திட்டம் போட்டு, ஒரு தெருவையே உள்ளே இழுத்துவிட்டேன்.

சரியாக அப்போது ஜாபரும் லாஞ்சு ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு ஜாபர் கேட்டான்: "டிரைவரே, இன்னா, வளைகாப்பா?"

அவனைச் சட்டையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன். இப்போது ஒரே வழிதான். பவுனம்மாள் வீட்டுக் கேபிளைச் சரிபண்ணிவிட்டால், அந்தக் கூட்டம் அந்த வீட்டுக்கே திரும்பிவிடும்.

பல்லால் குதறிய முனையை வெட்டி வீசிவிட்டுக் கேபிளின் தோலைச் சீவினேன். உள்ளே பார்த்ததும் அசந்துவிட்டேன். மேலே கறுப்புத் தோல். அதற்குள் பொடிக் கம்பியில் பின்னிய வலை. அதற்குள் வெள்ளைச் சதை. நடுவில் ஒரே ஒரு செம்பு முள்.

"ஜாபரு, இது மீனுடா."

"மீனுக்கு வெளியதான நைனா வலை இருக்கும்?"

"அதான் பாரு. இதுல உள்ளயே வச்சி அனுப்பறான்."

மீனும் வலையும் என் கையில் கிடைத்தால் விடுவேனா? இரண்டு பக்கமும் வலையையும் முள்ளையும் சேர்த்து முறுக்கி, எங்கள் வழக்கப்படி இறுக்கி ஒரு வலை முடிச்சுப் போட்டேன். சுறா இழுத்தாலும் அவிழாது. ஜாபர் பவுனம்மாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நோ சிக்னலுன்னு வருது நைனா. உன் முடிச்சுல சிக்னலும் மாட்டிகிச்சு போல."

கேபிள்காரன் இக்னேஷியஸுக்குப் போன் போடவேண்டியதாயிற்று. என் நம்பரை அவன் எடுக்கமாட்டான். மலர்க்கொடியின் போனைக் கேட்டேன். அவள் ரிமோட்டைப் போலவே போனையும் கையில் கொடுக்கமாட்டாள். ஸ்பீக்கரில் போட்டு அவளே பிடித்துக்கொண்டாள். என் குரலைக் கேட்டதுமே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாண்ணே, ஞாயித்துக்கெழம கூட வுடமாட்டியா? ராயபுரத்துல கீறேன். எங்கக்கா புள்ளைக்கு ஞானஸ்நானம். இப்பத்தான் பிரியாணி வெச்சாங்க."

"கேபிளு அறுந்துகிச்சுடா. முடிச்சுப் போட்டேன். படம் வர்ல."

"முடிச்சா? இன்னா முடிச்சு?"

"வலை முடிச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல் சத்தம். பிரியாணி புரையேறியிருக்க வேண்டும்.

"அண்ணே, நடு கம்பி வேற, மேல கீற வலை வேற. ரெண்டும் தொட்டுச்சுன்னா சிக்னலு செத்துப்பூடும். நடு கம்பிய நடு கம்பியோட சேரு. அதுமேல டேப்பு சுத்து. அப்பால வலைய வலையோட சேரு. அதுமேலயும் டேப்பு. சண்ட போட்ட சம்பந்திங்க மாரி, ரெண்டும் ஒண்ணு மூஞ்சில ஒண்ணு முழிக்கக்கூடாது."

"அவ்ளோதானா?"

"தற்காலிகத்துக்கு அவ்ளோதான். டேப்பு இல்லன்னா கையால புடிச்சினு நின்னாகூட படம் வரும். நான் துன்னுட்டு வந்து ஒழுங்கா பின்னு போட்டுத் தரேன்."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை நான் கவனிக்கவில்லை. போனைப் பிடித்திருந்தவள் கவனித்திருக்கிறாள்.

கையில் ஒரு டேப்புச் சுருளோடு மறுபடி மாடி. மறுபடி தோல் சீவல். இந்தத் தடவை முள்ளை முள்ளோடு, வலையை வலையோடு பொருத்தினேன். நடுவே டேப்பு கொஞ்சம் சுற்றி, மேலே வலை ஜாயின்ட்டை ஜாபர் கையில் பிடிக்கக் கொடுத்தேன்.

"நல்லாக் கேட்டுக்கோ. நான் பவுனக்கா வூட்ல டிவியாண்ட நிக்கறேன். படம் வந்ததும் 'கட்டு'ன்னு ஒரு கொரல் குடுப்பேன். நீ டேப்ப சுத்தி இறுக்கிக் கட்டிடு. புரிஞ்சுதா?"

"இது இன்னா பெரிய வேல? கட்டுன்னா கட்டிடறேன்."

கத்தியையும் டேப்பையும் அவனிடமே விட்டுவிட்டு இறங்கினேன். இதுதான் நான் செய்த தப்பு. இதுவரை செய்ததெல்லாம் வெறும் ஒத்திகை.

பவுனம்மாள் வீட்டு ஹாலில் ஒரு ஈ காக்கை இல்லை. டிவி முன்னால் நின்றேன். நோ சிக்னல். நோ சிக்னல். சட்டென்று படம் பளிச்சென்று வந்தது. மணமேடை. மாப்பிள்ளை. அவன் கையில் தாலி.

"கட்டு!" என்று கத்தினேன்.

அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டில் அத்தனை பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். "கட்டு!"

அவர்கள் மாப்பிள்ளையிடம் சொன்னார்கள். அந்தப் பேமானியோ தாலியைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். ஐயரைப் பார்த்தான். கேமரா எல்லார் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டியது.

"கட்டுடா! இன்னாடா மொறைக்கிற, கட்டு!" இது பவுனம்மாள்.

"டேய் சோமாறி, கட்டுடா!" இது என் தர்மபத்தினி.

"கட்டு! கட்டு! கட்டு!" இது குப்பம்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் சேர்ந்து கத்தினேன். கல்நெஞ்சம் இல்லை எனக்கு. அந்தப் பெண் எவ்வளவு நாள்தான் மணையில் குந்தியிருக்கும்?

தாலி கழுத்துக்கு ஒரு விரற்கடை. டிவி கறுப்பு. நோ சிக்னல்.

 என் வீட்டில் எழுந்த சத்தத்தை நான் புயலிலும் கேட்டதில்லை. எதிர் வீட்டிலிருந்தும் அதே சத்தம். பின் வீட்டிலிருந்தும். நான் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவினேன்.

ஜாபர் டேங்கு நிழலில் கத்தியோடு நின்றிருந்தான். அவனைச் சுற்றிக் கேபிளெல்லாம் துண்டு துண்டாக, ஆய்ந்த வாளை மீன் மாதிரிக் கிடந்தன.

"இன்னாடா பண்ண?"

"நீ சொன்னதத்தான்."

"கட்டுன்னுதானடா சொன்னேன்!"

"ஆமா. மொத கட்டுக்குக் கட்டுனேன். இருந்த டேப்பு பூரா சுத்தி, அயகா கட்டுனேன். அப்பால மறுபடியும் கட்டு கட்டுன்ற. கட்டுனத எப்டி நைனா திருப்பிக் கட்டறது? சரி, பழைய பிளானு போலகீது, எலி கடிச்ச மாரி உங்க வூட்டு கேபிள கட்டு பண்ணச் சொல்றன்னு நெனச்சேன். எது உங்க வூடுன்னு தெர்ல. நீ வேற வுடாம கத்திகினே கீற. எல்லாத்தையும் கட்டு! நான் கட்டுன ஜாயின்ட்டு கூட கட்டு!"

"எலி கடிச்ச மாரியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். மலர்க்கொடி. அவளுக்குப் பின்னால் பவுனம்மாள். அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கத் தலைகள்.

மலர்க்கொடி குனிந்து, நான் முதலில் வெட்டிய பழைய கேபிளில் வீசிப்போட்ட துண்டை எடுத்தாள். என் பல் பட்ட முனை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முனை சிவப்பாக இருந்தது.

"இந்த எலிக்கு வெத்தல பாக்கு போடற பழக்கம் கீது போலக்கா" என்றாள் பவுனம்மாளிடம்.

அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"யோவ், அன்னிக்கி ஒண்ணு சொல்ல வந்தேன்ல? நீ கைய காட்டிட்டுப் பூட்டியே? இன்னா சொல்ல வந்தேன் தெரியுமா? ஞாயித்துக்கெழம நாங்கல்லாம் பவுனக்கா வூட்ல சீரியலு பாக்கறோம், நீ உன் தோஸ்துங்களோட நம்ம வூட்ல மேச்சு பாருன்னு. உங்களுக்கு ஒரு டப்பா முறுக்கு தனியா சுட்டு வச்சிட்டு, ரிமோட்ட டிவி மேல வச்சிட்டு, செருப்ப மாட்டிகினு கெளம்பினேன்யா."

ரிமோட்டை டிவி மேல் வைத்துவிட்டு.  ஒரு எலிகூட இவ்வளவு கேவலமாக உணர்ந்திருக்காது.

"ஜெகதீசு, நம்ம கேபிளு எதுன்னாவது கேட்டிருக்கக்கூடாதா?" என்றார் பவுனம்மாள். "உங்க வூட்டுதுல மலருதான் செவப்பு ரிப்பன் கட்டி வச்சிகீதே."

"பேச நேரம் இல்லக்கா. இப்ப வெளம்பரம் ஓடும். தாலிக்குள்ள படம் வரணும்" என்றாள் மலர்க்கொடி. ரிப்பன் கட்டிய கேபிளின் இரண்டு துண்டையும் தேடி எடுத்தாள். "ஜாபரு, டேப்பு எங்க?"

"அதான் மொத கட்டுலயே தீந்துடுச்சே அண்ணி."

என் பக்கம் திரும்பினாள். "கையால புடிச்சாகூட படம் வரும்னு இக்னேஷியஸு சொன்னான்ல? புடி."

"கரண்டு அடிச்சா?"

"அதுல வர்றது சீரியலுய்யா. எங்களையே ஒண்ணும் பண்ணல."

வலது கையில் முள், இடது கையில் வலை. சம்பந்திகள் மூஞ்சியில் முழிக்காமல் பிடித்தேன். கீழே போனவர்களிடமிருந்து குரல் வந்தது. "வந்துச்சு! படம் வந்துச்சு! அசையாத!"

அசையவில்லை. கத்திரி வெயில். செருப்பு கீழே. ஒரு காலை மாற்றினால் கம்பி நகரும். மூக்கு அரித்தது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து நிலக்கரித் தூசி வந்து வியர்வையில் ஒட்டியது. டேங்கு மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தது. போகவே இல்லை. கீழே தெருவில் ஒரு பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள், போகிறார்கள், எனக்கு என்ன? என் கவனமெல்லாம் கம்பியில்.

கொஞ்ச நேரத்தில் வீடே அதிர ஒரு கூச்சல், கைதட்டல், குலவை. கட்டிவிட்டான்! எனக்குக் கண் கலங்கியது. அந்தத் தாலி என் விரல் வழியாகத்தான் போய்க் கழுத்தில் ஏறியது.

பிறகு மேட்ச். ஜாபரின் விசில் கேட்டது. ஒவ்வொரு சிக்ஸருக்கும் கீழே கத்தினார்கள். இந்த சிக்ஸரும் நம் கை வழியாகத்தானே போகிறது என்று மேலே நான் நிமிர்ந்து நின்றேன். ஒரு தடவை விரலை லேசாகத் தளர்த்தினேன். உடனே படிக்கட்டிலிருந்து பவுனம்மாள்: "ஜெகதீசு! கைய ஆட்டாத! படம் கட்டம் கட்டமா வருது!" அவர் கண்ணுக்குத் தெரியாமல் கையை ஆட்ட முடியாது போலிருக்கிறது.

நடுவில் மலர்க்கொடியே மேலே வந்தாள். ஈரச் சாக்கை என் காலடியில் விரித்தாள். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். மோர் டம்ளரை வாயருகே வைத்துக் குடிக்க வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் எனக்கு ஊட்டிவிட்டதில்லை. "கோவமா மலரு?" என்றேன். "சீ, இன்னாத்துக்குய்யா கோவம்? நீ இல்லன்னா இன்னிக்கி தெருவே அழுதிருக்கும்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஃபைனல் போனால் போகட்டும். இன்னும் நூறு ஃபைனலுக்கு இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று தோன்றியது.

தெருவில் பட்டாசு வெடித்தது. மேட்ச் முடிந்துவிட்டது. ஜெயித்தது யார் என்று சொல்ல ஒருத்தரும் மேலே வரவில்லை. மெதுவாக ஒரு விரலை எடுத்தேன். கீழே யாரும் கத்தவில்லை. இன்னொரு விரல். கத்தவில்லை. இரண்டு கையையும் விட்டேன். கேபிள் தொப்பென்று தரையில் விழுந்தது.

கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

படியிறங்கி உள்ளே போனேன். கோப்பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருக் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக ஒரு புத்தம்புதுக் கேபிள் உள்ளே வந்து டிவிக்குப் போயிருந்தது. பின்னு போட்டு ஒழுங்காக. என் நாற்காலியில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன் உட்கார்ந்து எனக்கென்று சுட்ட முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எங்க பூட்ட?" என்றான் இக்னேஷியஸ். "வந்ததும் உன்னத்தான் கேட்டேன். மாடில முக்கியமான வேலையா கீறாரு, கூப்புடாதன்னுச்சு அண்ணி."

"நீ எப்படா வந்த?"

"தாலி கட்டறதுக்கு முன்னாலயே வந்துட்டேனே! அண்ணி போன் பண்ணுச்சு. பிரியாணிய பார்சல் கட்டினு பறந்து வந்தேன்."

நான் ஜாபரைப் பார்த்தேன். ஜாபர் மலர்க்கொடியைப் பார்த்தான். மலர்க்கொடி கையில் ரிமோட்.

"சூப்பர் மேச்சு நைனா. பந்தயம் மேட்டரு கூட அண்ணியாண்ட சொன்னேன், சிரிச்சி சிரிச்சி பொறையேறிடுச்சு அதுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவன் மற்றவர்களோடு நழுவினான்.

எனக்கு வந்ததே கோபம். உள்ளங்கால் எரிச்சலெல்லாம் குரலுக்கு ஏறியது.

"இன்னாமே இது? கேபிளத்தான் அவன் அப்பவே கட்டிட்டான்ல? அப்பால என்ன எதுக்குமே வெயில்ல நிக்க வெச்ச?"

மலர்க்கொடி ரிமோட்டுக்கு உறையை மாட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேபிள கட்டறதுக்கு இக்னேஷியஸு போதும்யா. உன்ன கட்டிப்போடறதுக்குத்தான் கேபிளு வேண்டியிருந்துச்சு" என்றாள். "சரி சரி, பேசிகினே நிக்காத. டம்ளரு பூரா கீது பாரு, போய்க் கழுவு கிளீனரு!"